திரும்பிப் போன பன்னிரண்டு பனியன்

2006, கார்த்திகை, சனிக்கிழமை.

இன்று பனியன் கம்பெனியில் என் செக்கிங் மேசைக்கு வந்த ஒரு கட்டுக்குள் பன்னிரண்டு பனியனுக்குத் தோள் தையல் விட்டிருந்தது. தைத்தவர் நம்பர் போட்ட டோக்கனைப் பார்த்தால், என் வீட்டுக்காரர் தைத்தது. பீஸ் ரேட் வேலை. பிரித்துத் தைக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது.

"உட்டுரு கண்ணு, உன்ற ஊட்டுக்காரரு தைச்சதுதானே" என்றார் பக்கத்து மேசை அக்கா.

யார் தைத்தாலும் டேமேஜ் டேமேஜ்தான். ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பினேன். மதியம் வீட்டுக்காரர் என்னோடு சாப்பிட வரவில்லை.

சாயங்காலம் பயந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். எனக்கு முன்பே வந்து தோசை சுட்டுக்கொண்டிருந்தார். தட்டை நீட்டினார்.

"ஏட்டி, இதையும் செக் பண்ணிச் சொல்லு. பாஸா, ரிஜெக்டா?"

ஒரு பக்கம் கருகியிருந்தது. மாவில் உப்பே இல்லை.

இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் ஒரு டேமேஜைப் பாஸ் பண்ணினேன்.