புதன்கிழமை லாரி

திங்கள், ஆகஸ்ட் 11

ஷார்ஜாவில் கொல்லும் புழுக்கம். காரை விட்டு இறங்கினால் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடுகிறது. பார்க்கிங்கில் கண் தெரியாதவள் மாதிரி நின்றேன். வீட்டு ஏ.சி. இன்னும் சரியாகவில்லை. மெக்கானிக் "கல் பக்கா, மேடம்" என்கிறான். அவனுடைய 'நாளை' எந்த வருஷமோ.

வாங்க: தயிர், கறிவேப்பிலை, கணேசனுக்கு பி.பி. மாத்திரை.

மாலை ஜூமில் சூடான் வகுப்பு. டீச்சர்களும் நர்ஸ்களுமாக இருந்தவர்களைக் கவுன்சலர்களாக்கும் வேலை. இன்றைய பாடம்: போரில் வீடிழந்தவர்கள் கூடி மனம்விட்டுப் பேசும் குழுவை எப்படி முடிப்பது. பாதியில் சொல்லாமல் போகக் கூடாது, ஏற்கெனவே ஆட்கள் சொல்லாமல் போனதில் உடைந்தவர்கள் இவர்கள், கடைசிக் கூட்டம் நடத்தி விடைபெற்றுத்தான் பிரிய வேண்டும். நன்றாகப் பேசினேன். எனக்கே பிடித்திருந்தது.

இஹ்சான் குனிந்து குனிந்து எழுதிக்கொண்டாள். பள்ளிக்கூட டீச்சர். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் தஞ்சம் புகுந்த பெண்களுக்குக் குழு நடத்துகிறாள். வேறு ஊரிலிருக்கும் நர்ஸ் உமர், வழக்கம்போல் நெற்றியை மட்டும் கேமராவில் காட்டினான்.

செவ்வாய், 12

ஓ.பி.யில் கூட்டம். மதியம் சாப்பாடு இல்லை.

இஹ்சானிடமிருந்து குரல் செய்தி. என்னை 'தக்தூரா' என்பாள், அரபியில் டாக்டரம்மா. சண்டை அவள் ஊரை நெருங்கிவிட்டதாம். நாளை, புதன் விடியலில் ஊரை விட்டு ஒரு லாரி கிளம்புகிறது. தம்பி அவளுக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறான். ஆனால் அவள் குழுவின் கடைசிக் கூட்டம் வியாழன்.

"தக்தூரா, சனிக்கிழமை இன்னொரு லாரி இருக்குன்னு சொல்றாங்க. நான் அதுவரைக்கும் இருந்து, நீங்க நேத்து சொன்ன மாதிரி ஒழுங்கா முடிச்சிட்டுப் போகட்டுமா?"

உண்மையை எழுதுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள். முதலில் பெருமையாக இருந்தது. என் பாடம் ஒருத்தியிடம் இப்படிப் பதிந்திருக்கிறதே என்று. ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்துக்கே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

பதில் அனுப்பினேன்: "நீ என்ன நினைக்கிறாய், இஹ்சான்? எந்த முடிவு எடுத்தாலும் நான் உன்னோடு இருக்கிறேன்."

'உன்னோடு' இருக்கிறாளாம் இந்த சாந்தி! ஷார்ஜாவில், ஆறாவது மாடியில். தீபாவளி வெடியைத் தவிர வேறு வெடிச் சத்தம் கேட்டிராதவள்.

கணேசனிடம் சொன்னேன். டி.வி.யை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீ போன்னு சொன்னா அந்தப் புள்ள போயிருமா, போகாதா?"

"போயிருவா. ஆனா அப்படிச் சொல்லக் கூடாதுங்க. முடிவு அவளோடதா இருக்கணும்."

"வீட்ல எனக்கு மட்டும் நாள் பூரா ஆர்டர் போடுத?"

சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

புதன், 13

எழுந்ததும் முதல் வேலையாக அனுப்பினேன்: "யோசிக்காதே, தம்பியோடு கிளம்பு." இதை நேற்றே சொல்ல என் வாய்க்கு என்ன கேடு?

பதில் எட்டு மணிக்கு. "லாரி போயிருச்சு தக்தூரா. தம்பி அழுதான். கவலைப்படாதீங்க, சனிக்கிழமை கண்டிப்பா."

ஓ.பி.யில் முருகேசன். ராமநாதபுரத்துக்காரர், ஜெபல் அலி குடோனில் வேலை, தூக்கம் இல்லை. ஊருக்குப் போய்விடலாமா, வேண்டாமா என்று கேட்டார். பழக்கதோஷம், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன்.

"நெனைக்கத் தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்கு மேடம் வாறேன்?"

மாத்திரை எழுதிக் கொடுத்தேன். 

வியாழன், 14

மாலை இஹ்சானின் குரல். மூச்சு விடாமல் பேசுகிறாள். எல்லாப் பெண்களும் வந்தார்களாம். டீ போட்டார்களாம், சர்க்கரை கிடைக்கவில்லையாம். கணவன் எங்கே என்றே தெரியாத ஒருத்தி முதல் தடவையாக வாய்விட்டு அழுதாளாம். ஒவ்வொருத்தியும் இவளைக் கட்டிப்பிடித்து விடைகொடுத்தாளாம். "பாடத்துல சொன்ன மாதிரியே முடிச்சேன் தக்தூரா."

பின்னால் தொம் தொம் என்று ஏதோ சத்தம். அது என்ன என்று அவளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளி, 15

இஹ்சானின் ஊருக்கு நெட்வொர்க் இல்லை. சாலையை மூடிவிட்டார்களாம். துப்பாக்கிக்காரர்கள் ஊருக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள் என்றும் பேச்சு.

பயிற்சி நடத்தும் ஆபீசுக்கு மூன்று மெயில். பதில்: "நிலைமையைக் கவனித்து வருகிறோம்." கவனிச்சுக் கிழிச்சாங்க.

குளித்தேனா என்று நினைவில்லை. ஏ.சி.க்காரன் வந்து சரிசெய்துவிட்டுப் போனானாம், கணேசன் சொல்லித்தான் தெரிந்தது.

சனி, 16

லாரி எதுவும் அந்த ஊரை விட்டு வரவில்லை.

இஹ்சானின் தம்பி எல்லையைத் தாண்டிவிட்டான். என் நம்பரை எப்படியோ பிடித்து எழுதியிருக்கிறான். "எங்க அக்காவை இருக்கச் சொன்னது நீங்களா?"

நான் இருக்கச் சொல்லவில்லை என்று எழுதினேன். அழித்தேன். போகச் சொல்லவும் இல்லையே. முடிவு அவளுடையது என்று எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில், "நான்தான்."

படித்துவிட்டான். திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிறு, 17

ஒன்றும் தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. போனைக் கையை விட்டு வைக்க முடியவில்லை. கணேசன் தோசை வார்த்துக் கொண்டுவந்து வைத்தார். "ஒரு வாயாவது சாப்பிடு சாந்தி." முடியவில்லை. கடவுளே, அவள் உயிரோடு இருந்தால் போதும். பாடமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

திங்கள், 18

வகுப்பை ரத்து செய்தேன். என்ன முகத்தோடு பாடம் நடத்த?

மதியம் உமர். இந்த முறை எழுத்தில். இஹ்சானின் ஊர் விழுந்துவிட்டதால் உமரின் ஊரும் காலியாகிறதாம். வாசலில் ஒரு பஸ், அவனுக்கு ஒரு இடம். அவன் குழுவுக்கு இன்னும் இரண்டு கூட்டம் பாக்கி. "தக்தூரா, என்ன செய்யட்டும்?"

'நீ என்ன நி' வரை விரல் அடித்துவிட்டது. அழித்தேன்.

"ஏறு."

"குழுவுக்கு என்ன சொல்லட்டும்?"

"ஒன்றும் சொல்லாதே. அதற்கெல்லாம் நேரமில்லை. ஏறு."

"அவங்களை அப்படியே விட்டுட்டுப் போறது சரியா தக்தூரா?"

"சரியில்லை. ஏறு உமர்."