அவர் ஆபீஸில் ஒரு வேலை

ஜனவரி 6, செவ்வாய்

பனிமூட்டம். எதிர் பிளாக் தெரியவில்லை. துணி காயவே இல்லை.

அவர் போய் இரண்டு மாதம். அவரோடு வேலை பார்த்த வர்மாஜி போன் பண்ணினார். இறந்தவர் வீட்டில் ஒருத்தருக்கு ஆபீஸில் வேலை தருவார்களாம். மகள் நித்யா என்றால் கிளார்க். நான் என்றால் ஃபைல் தூக்க, தண்ணீர் வைக்க. எட்டாவது படித்ததற்கு அதுதான். வேலை கிடைத்தால் அவர் ஆபீஸ் கொடுத்த இந்தக் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டாம். வெள்ளிக்கிழமை யார் என்று சொல்லவேண்டும்.

தலைவலி. கேஸ் புக் பண்ணவில்லை.

ஜனவரி 7, புதன்

விருதுநகரிலிருந்து அண்ணன் பேசினார். நித்யாவை அனுப்பு என்கிறார். "சர்க்கார் வேலை தேடி வருது. பொட்டப்பிள்ளைக்கு எதுக்குத்தா ரெண்டு படிப்பு?" உம் கொட்டினேன். சண்டை போடத் தெம்பில்லை.

காலேஜில் கம்ப்யூட்டரும் பொருளாதாரமும் சேர்த்துப் படிக்கிறாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அவர் பால்காரன் வரைக்கும் சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. வெங்காயம் ஏன் விலை ஏறுகிறது என்று கம்ப்யூட்டரிடம் கேட்கிற படிப்பா என்றேன். "கிட்டத்தட்ட அதாம்மா." சிரித்தாள். அப்பா போனபிறகு இன்றுதான் பல் தெரிந்தது.

ஜனவரி 8, வியாழன்

பச்சைப் பட்டாணி வாங்கினேன். உரிக்கவில்லை.

நித்யாவே வந்து சொன்னாள். "ஜாப் நான் எடுத்துக்கறேன்மா. ரெண்டு படிப்பும் சேர்த்து முடியல. அங்க புரோகிராம் ஓடல, இங்க கணக்கு புரியல. நீ போய் எல்லாருக்கும் சாய் குடுப்பியா?"

கேட்டதும் ஆறுதலாகத்தான் இருந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடக்கலாம். எங்கேயும் போகவேண்டாம்.

சொல்லிவிட்டு அவள் லேப்டாப்பை மூடவில்லை. எங்கே தப்பு என்று மறுபடி தேட உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன். "ஏக் மினிட்மா." சாதம் ஆறிப்போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

கொஞ்சம் வெயில். நித்யா காலேஜுக்குக் கிளம்பியதும் பஸ் பிடித்து ஆபீஸ் போனேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள்.

அவர் மேஜையில் வேறு யாரோ. வர்மாஜி, மகள் பெயர்தானே என்றார். இல்லை, என் பெயர் என்றேன். இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "பாபிஜி, இதே ரூமில்தான் போடுவார்கள். தாங்குவீர்களா?" தெரியவில்லை என்றேன். எழுதுங்கள் என்றேன்.

உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். நின்றுகொண்டேன். இனி இங்கே நிற்கத்தானே போகிறேன்.