மாலை போட்ட போட்டோ

தம்பிக்கு,

உன் அப்பாவைப் பற்றி நீ எடுத்த படத்தை நேற்று ஈப்போவில் பார்த்தேன். தோட்டத் தொழிலாளர்களுக்காக அவர் சிறைக்குப் போனதெல்லாம் உண்மைதான். ஆனால் படத்தில் நான் காய்ச்சலில் செத்துப்போகிறேன். அதற்குப் பிறகுதான் அவர் காம்பாரில் அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்கிறார். பக்கத்து வீட்டு விமலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா, உங்கள சாகடிச்சிட்டான்?" என்றாள்.

வெளியே வந்து உன்னிடம் போனில் கேட்டேன். "தலைவருக்கு ரெண்டு வீடுன்னு காட்டினா ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க, மா" என்றாய்.

காம்பார் வீட்டைப் பற்றி நான் உன்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. அவர் பெயர் கெடக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டு, தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவித்தான் உன்னை வளர்த்தேன். அதற்காக நான் சாகவில்லை.

என் வேடத்தில் நடிக்கிற பெண்ணுக்குக் காட்டவேண்டும் என்று நீ வாங்கிப்போன என் இளவயது போட்டோதான் படத்தில் சுவரில் தொங்குகிறது. பொட்டு வைத்து, முன்னால் விளக்கும் ஏற்றியிருக்கிறாய்.

போட்டோ எனக்கு வேண்டும். நீ கொண்டுவர வேண்டாம், தபாலில் அனுப்பு. மாலையைக் கழற்றிவிட்டு அனுப்பு.

அம்மா