உன்னைத் துணைத் தலைவராகச் சொல்லாதது

அன்புள்ள ஜெபாவுக்கு, செங்கம்மாள் எழுதுவது. இங்கு நானும் பிள்ளைகளும் சுகம். சிறுசேரியில் நீயும் உன் மகள் ஜாய்ஸும் சுகமா? எத்தனையோ தடவை போன் அடிச்சிட்டேன், நீ எடுக்கவே இல்ல. கோபம் நியாயம்தான். அதனாலதான் இந்தக் கடுதாசி.

மழையில உன் வீட்டு முருங்கை சாஞ்சிடுச்சு. கயிறு கட்டி நிறுத்தியிருக்கேன்.

நேராவே சொல்லிடுறேன். நான் ஊராட்சித் தலைவருக்கு நின்னா நீதான் துணைத் தலைவர்னு நூறு நாள் வேலையில மண்வெட்டியோட நின்னு பேசிக்கினவங்க நாம. ஆனா நம்ம காலனியில முந்நூறு ஓட்டு, ஊர்த்தெருவுல எழுநூறு. ஊர்த்தெரு அருணகிரி வந்து, அவர் பொண்டாட்டி வேண்டாவைத் துணைத் தலைவராக்கினா அவங்க தெரு ஓட்டு எனக்குத்தான்னாரு. உன் ஓட்டும் உன் சொந்தக்காரங்க ஓட்டும் எப்படியும் எனக்குத்தானே, உன்னைச் சேர்த்துக்கினு புதுசா இன்னா கிடைக்கும்னு நெனச்சேன். பாவி மனசு, அப்படித்தான் நெனச்சுது.

ஜெயிச்சதும், வார்டு உறுப்பினரான உன்கிட்டயே வந்து, வேண்டாவுக்கு ஓட்டு போடச் சொல்லிக் கேட்டேன். வேற யாராவது இருந்தா வெளக்குமாத்தை எடுத்திருப்பாங்க. நீ சரின்னு சொல்லிப் போட்ட. மறுவாரமே வீட்டைப் பூட்டிக்கினு மககிட்ட போயிட்ட.

வேண்டா நல்ல பொம்பளதான். ஆனா ஆபீசுக்கு வர்றது அவ புருஷன். செக்குல நானும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்து போடணும் இல்ல, நம்ம சுடுகாட்டுப் பாதைக்கான செக்கை மட்டும் அவர் வீட்டுலயே வெச்சிருக்காரு. கேட்டா, இன்னா அவசரம் தலைவரேன்னு சிரிக்கிறாரு. நம்ம ஜனம் இன்னும் பொணத்தைச் சேத்துலதான் தூக்கிக்கினு போவுது.

எல்லாரும் வணக்கம் வைக்கிறாங்க. ஒருத்தரும் உக்காந்து பேசறதில்ல. ஆபீசுல தனியா டீ குடிக்கறப்ப அழுகை வருது ஜெபா.

இன்னொரு விஷயம். நீ ரெண்டு கூட்டத்துக்கு வரல. இதுக்கும் வரலைன்னா உன் உறுப்பினர் பதவி போயிடும்னு செயலர் சொல்றாரு. வர்ற புதன்கிழமை காலையில பத்து மணிக்குக் கூட்டம். நோட்டீசை இதோட வெச்சிருக்கேன்.

உன் கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் நல்லா வெச்சிருக்கட்டும். எனக்காக வராதே. பாதை இன்னாச்சுன்னு அத்தனை பேர் முன்னாடியும் என்னைக் கேக்க வா. என் பக்கத்துல உக்கார வேணாம், எதிர்ல வந்து உக்காரு, போதும்.

இப்படிக்கு,
செங்கம்மாள்