கூனலுக்குச் சொன்ன பயிற்சி

5.2.84 ஞாயிறு
பனி. எட்டு மணி வரைக்கும் எதிர்ப்பனையள் தெரியேல்லை. கிணத்திலை வாளி இழுக்கேக்கை நாரி பிடிச்சு முதுகு நிமிரேல்லை. பாதியிலை கயிறை விட்டிட்டன். மிச்சத்தை மனுசி யோகம் அள்ளினவ.

சந்தியிலை பஸ்ஸுக்கு நிண்ட ரெண்டு பேர் கதைச்சது:
"ஆர் உந்தக் கூனல்?"
"தெற்கிலை கடை வைச்சிருந்த செல்லத்துரையின்ரை தம்பி. கலவரத்துக்குப் பிறகு அப்பிடி."
நான் கேட்டதைக் காட்டிக்கொள்ளாமல் நடந்தனான். வயது நாற்பத்திமூண்டு. நிழலைப் பார்த்தால் எழுபது.

6.2.84 திங்கள்
ஆசுப்பத்திரி. மூண்டு மணித்தியாலம் வாங்கிலை இருந்தனான். டொக்டர் இளம் ஆள், பொறுமை. போன மாசம் எடுத்த எக்ஸ்றேயை வெளிச்சத்திலை பிடிச்சுப் பார்த்தார். எலும்பிலை பிழையில்லையாம், தசைதான் குறுகிப் போச்சாம். எப்ப துவங்கினது எண்டு கேட்டார். போன ஆடிக் கலவரத்திலை மூண்டு நாள் ஒரு வீட்டுச் சீலிங்குக்கு மேலை குந்தியிருந்தனான் எண்டன். மூண்டு நாளிலை கூன் விழாது ஐயா, பிறகும் அப்பிடியே இருந்து பழகிப்போட்டியள் எண்டார்.

சொன்னது:
– சுவரோடை நிக்கிறது. குதி, குண்டி, தோள், பிடரி நாலும் முட்ட வேணும். காலமை ஐஞ்சு நிமிசம், பின்னேரம் ஐஞ்சு.
– கதவு நிலையை ரெண்டு கையாலும் பிடிச்சு நெஞ்சை முன்னுக்குத் தள்ளுறது. பத்துத்தரம்.
– தலகணி கூடாது. சுருட்டின துவாய், தோளுக்குக் கீழை.
– பேப்பர் வாசிக்கிறது மடியிலை இல்லை, மேசையிலை.
– மண்வெட்டிக்கு நீளப் பிடி.
– நிலத்தைப் பார்த்து நடக்கக் கூடாது. எதிரை வாற ஆளின்ரை முகத்தைப் பார்க்க வேணும்.
மற்றதெல்லாம் செய்யலாம். கடைசி கஷ்டம்.

8.2.84 புதன்
சுவர். குதியும் குண்டியும் முட்டுது. தோள் பாதி. பிடரி எட்டாது. மனுசி யோ. கையை வைச்சு அளந்தவ: ஐஞ்சு விரல் இடைவெளி. மூண்டு நிமிசத்திலை வேர்த்துக் கொட்டினது. காய்ச்சல் போலை.

பின்னேரம் மச்சாள் வந்தவ. அண்ணையின்ரை மனுசி. வேலிக்கு அங்காலை வீடு. கையிலை இன்னொரு கடிதம், அகதி முகாம் ஒண்டுக்கு. இங்கிலிசிலை விலாசம் எழுதித் தரச் சொன்னவ. எழுதிக் குடுத்தனான். இது பதினொராவதோ பன்னிரண்டாவதோ. அண்ணை எங்கையோ இருக்கிறார் எண்டுதான் அவவின்ரை எண்ணம். நெத்தியிலை பொட்டு. கழுத்திலை தாலி.
ஊருக்கு வந்த அண்டைக்கு நான் சொன்னது, ஓடேக்கை பிரிஞ்சு போனம் எண்டு. அதுக்குப் பிறகு ஒருத்தரும் திருப்பிக் கேக்கேல்லை.

12.2.84 ஞாயிறு
நாலு விரல். கதவு நிலை பத்துத்தரம், நெஞ்சுக்குள்ளை சீலை கிழியிற மாதிரி. மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டாச்சு. மிளகாய்க்குத் தண்ணி.
துவாயிலை படுத்தால் கண் நேரை முகட்டுக்குப் போகுது. தீராந்தியும் பலகையும். கண்ணை மூடிக்கொண்டுதான் படுக்கிறன்.

19.2.84 ஞாயிறு
மூண்டு விரல். யோ. சிரிச்சவ. எத்தினை மாசத்துக்குப் பிறகு.
வேலணைக்கு உரம் வாங்கப் போனனான். நிமிர்ந்து நடந்தன். ஆக்கள் தலையாட்டினவை. முந்தியும் ஆட்டியிருப்பினம், நான்தான் காணேல்லை. வரேக்கை ஒழுங்கை முடக்கிலை மச்சாள், கோயில் அர்ச்சனைத் தட்டோடை. முகத்தைப் பார்த்தன். எப்பிடி மெலிஞ்சு போனா. கண்ணுக்குக் கீழை கறுப்பு. ஏழு மாசமா இவவின்ரை காலைப் பார்த்துத்தான் கதைச்சிருக்கிறன்.
"தம்பி, நல்லா நிமிர்ந்திட்டீர்" எண்டவ. சந்தோசமாத்தான் சொன்னவ.
பின்னேரப் பயிற்சி செய்யேல்லை.

23.2.84 வியாழன்
மச்சாள் ஓடி வந்தவ. எங்கடை கடை இருந்த ஊரிலையிருந்து ஒரு ஆள் வந்ததாம். அங்கை ஆசுப்பத்திரியிலை பேர் ஊர் சொல்லத் தெரியாத தமிழ் மனுசன் ஒருத்தர் கிடக்கிறாராம், நாற்பத்தெட்டு ஐம்பது வயது இருக்குமாம். திங்கட்கிழமை றெயிலுக்குத் தன்ரை தமையனோடை போகப் போறா. வழியிலை என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும். யோ. மறிச்சுப் பார்த்தவ. மச்சாள் கேக்கேல்லை. அண்ணையின்ரை வேட்டி ரெண்டும் சேட்டும் தோய்ச்சுக் கொடியிலை போட்டிருக்கிறா.
கொண்டுபோகவாம்.

24.2.84 வெள்ளி
சுவரோடை நிக்க ஏலாது. டொக்டர் சொன்ன ஒண்டும் செய்யேல்லை. முழு நாளும் தோட்டத்திலை குனிஞ்சபடி. வேட்டி கொடியிலை காய்ஞ்சுகொண்டு கிடந்தது, வேலிக்கு மேலாலை தெரியும்.

25.2.84 சனி
சொல்லிப்போட்டன்.

பகல் பதினொரு மணி. மச்சாள் குசினியிலை பயணத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தவ. கதிரை எடுத்துத் தந்தவ. இருக்கேல்லை. இருந்தால் வளைஞ்சு நிலத்தைப் பார்ப்பன், பொய் வரும்.

போகாதையுங்கோ எண்டன். அங்கை கிடக்கிறது அண்ணை இல்லை எண்டன். எப்பிடித் தெரியும் எண்டு கேட்டா.

நடந்தது நடந்த மாதிரியே சொன்னனான். கடைக்குப் பின்வீட்டுச் சிங்கள ரீச்சர் எங்களைத் தன்ரை சாமான் அறைக்கு மேலை, சீலிங்குக்குள்ளை ஒளிச்சு வைச்சவ. நானும் அண்ணையும். ரெண்டாம் நாள் காலமை அண்ணை தண்ணி எடுக்க இறங்கினவர். அந்த நேரம் பார்த்து முன்கதவை உடைச்சாங்கள். அண்ணை ஏணியிலை ஏறி வந்து மூடு பலகையிலை தட்டினவர். பலகைக்கு மேலை நான் இருந்தனான். என்ரை பாரத்துக்கு அது திறபடாது. நான் அரக்கி விலகவேயில்லை. திறந்தால் ரெண்டு பேரையும் கண்டிடுவாங்கள் எண்டு நினைச்சனான். அப்ப நினைச்சனோ, பிறகு நினைச்சனோ, இப்ப எனக்கே தெரியாது. அண்ணை இறங்கிப் பின்பக்கம் ஓடினவர். வீட்டு முத்தம் தாண்டேல்லை. உடம்பைக் கொண்டுபோய் எரியிற கடைக்குள்ளை போட்டவங்கள் எண்டு ரீச்சர் அழுதழுது சொன்னவ.

மா கருகின மணம். மச்சாள் சட்டியை இறக்கி வைச்சவ. அழேல்லை.
"கூப்பிட்டவரோ?"
"ஓம்."
"என்னெண்டு?"
"தம்பி எண்டு."
"எத்தினை தரம்?"
"மூண்டு."
கையைச் சீலையிலை துடைச்சவ.
"ஏழு மாசம் நான் கடிதம் போட்டனான். நீர் விலாசம் எழுதித் தந்தனீர்."
பிறகு உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திப்போட்டா. நான் வெளியிலை வரேக்கை கொடியிலை ஒண்டும் இல்லை. வேட்டி சேட்டை முந்தியே மடிச்சு எடுத்திட்டா போலை.

யோகத்துக்கும் சொன்னனான். அவவுக்கும் இண்டைக்குத்தான் தெரியும். "எனக்கும் சொல்லேல்லை" எண்டவ, அவ்வளவுதான். கோப்பையிலை சோற்றைப் போட்டு வைச்சிட்டுக் கிணத்தடிக்குப் போனவ.

28.2.84 செவ்வாய்
காத்து மாறுது. மச்சாள் போகேல்லை. வேலணையிலையிருந்து அவவின்ரை தமையன் வந்து நிக்கிறார். உடம்பு இல்லாதபடியால் ஐயர் தர்ப்பையிலை உருவம் செய்து எரிக்கலாம் எண்டு சொன்னவராம். ஞாயிற்றுக்கிழமை நாள் வைச்சிருக்கினம்.
அண்ணைக்குப் பிள்ளையள் இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் நான். மச்சாள் தமையனிட்டைச் சொல்லி அனுப்பினவ: தம்பி செய்யத் தேவையில்லை, தமையன் செய்யட்டும்.
தமையன் படலைக்கு வெளியிலை நிண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். சரி எண்டனான்.

சுவர் ஐஞ்சு நிமிசம். அளக்கச் சொல்லி யோகத்தைக் கூப்பிடேல்லை.

4.3.84 ஞாயிறு
கொதி வெய்யில். காலமை ஒன்பதுக்குப் பறை. ஊர்ச்சனம் எல்லாம் மச்சாள் வீட்டு முத்தத்திலை. யோ. பொம்பிளையளோடை உள்ளுக்கு. நான் வேலிக்கு வெளியிலை, ஒழுங்கையிலை. போறவை வாறவை பார்த்தவை. சிலபேருக்குத் தெரியும், சிலபேருக்குத் தெரியாது. வாங்கோ எண்டு ஒருத்தரும் கூப்பிடேல்லை, போ எண்டும் சொல்லேல்லை.
தமையன் ஈர வேட்டியோடை கொள்ளிச்சட்டி தூக்கினவர். தர்ப்பை உருவம் ஒரு பிள்ளையின்ரை அளவுதான். வெள்ளை சுத்திப் பாடையிலை வைச்சிருந்தது. எனக்குக் கிட்டத்தாலை கொண்டு போனவை. குனிஞ்சிடுவன் எண்டு நினைச்சன். இல்லை.

சனம் கலைய ஒண்டரை ஆச்சு. கால் விறைச்சுப் போச்சு. மச்சாள் படலை சாத்த வந்தவ. வெள்ளைச் சீலை. வெறும் நெத்தி. ரெண்டு பேரும் பார்த்தம்.
"வெய்யிலுக்கை நிக்காமல் வீட்டை போம்."
போனனான்.