கழற்றி வைத்த கம்பி

மார்ச் 12, செவ்வாய்

காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது மார்லிஸ் சொன்னாள்: "ஓல்சன் வீட்டு டிரெய்லர் விலைக்கு வந்திருக்கு. வாங்கலாமா?"

செய்தித்தாளைக் கீழே வைத்தேன். வண்டியில் பிணைத்து இழுத்துப்போகும் அந்தக் குட்டி வீட்டின் பேச்சை முப்பத்துமூன்று வருடமாக இங்கே யாரும் எடுத்ததில்லை.

"இருபத்தோரு அடி. படுக்கை, அடுப்பு, சின்ன மேசை எல்லாம் இருக்கு. மூணே தடவைதான் வெளிய எடுத்துட்டுப் போயிருக்காங்களாம்." பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எனக்கு ஹெப்கன் ஏரிக்கு இன்னொரு தடவை போகணும், லீலண்ட். சாகறதுக்கு முன்னாடின்னு சொல்ல மாட்டேன். முட்டி மடக்க முடியாம போறதுக்கு முன்னாடி."

சிரித்தேன்.

மார்ச் 14, வியாழன்

டிரெய்லரைப் பார்த்துவிட்டு வந்தோம். ஓல்சன் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த வாசனை - பிளைவுட், பழைய மெத்தை, துளி கேஸ் - என்னை அப்படியே 1985-க்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

எங்கள் பழைய டிரெய்லரில் மேசையை இறக்கினால் அதுவே எங்கள் மகள் ஜெனலுக்குப் படுக்கை. காலை ஆறு மணிக்கெல்லாம் அவளை எழுப்பினால்தான் பான்கேக் சாப்பிட மேசை கிடைக்கும். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "இன்னிக்குக் கடை லீவு" என்பாள். அவளுடைய முதல் பல் விழுந்தது ஹெப்கன் ஏரியில்தான். தண்ணீருக்குள் விழுந்த பல்லை மார்லிஸ் ஒரு மணி நேரம் தேடினாள், முழங்கால் அளவு குளிர்ந்த தண்ணீரில் நின்றுகொண்டு. கடைசியில் அதே அளவில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை எடுத்துக் கொடுத்தாள். ஜெனல் நம்பிவிட்டாள். நானும் கொஞ்ச நேரம் நம்பினேன்.

எட்டுக் கோடைகள். அதற்குப் பிறகு வந்த கோடைகளில் என்ன செய்தோம்? யோசித்துப் பார்க்கிறேன். புல் வெட்டியது ஞாபகம் வருகிறது.

வாங்கிவிட்டோம்.

மார்ச் 19, செவ்வாய்

டிரெய்லரைப் பிக்கப் வண்டியோடு பிணைக்கும் ஹிட்ச் வாங்க ராக்ஸான் கடைக்குப் போனோம். ஐம்பது வயதிருக்கும் அவளுக்கு. கையெல்லாம் கிரீஸ், காதில் முத்துக் கம்மல். மூன்று வகையைத் தரையில் வரிசையாக எடுத்து வைத்தாள்.

"காத்துல டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சா வண்டியவே ஆட்டி எடுத்துரும். அத அடக்குறதுக்குத்தான் இதெல்லாம்." முதலில் ஒரு ஒற்றைக் கம்பியைக் காலால் தட்டினாள். "இது பழைய மாடல். பக்கத்துல மாட்டி இறுக்கினா உரசி ஆட்டத்த நிறுத்தும். விலை கம்மி. ஆனா ரிவர்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி கழட்டணும், இல்லைன்னா வளைஞ்சுரும். அப்புறம் ஞாபகமா மாட்டணும்."

அந்தக் கம்பியை நான் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன்.

இரண்டாவதில் இரண்டு நீளக் கம்பிகள். பின்பாரத்தை முன்சக்கரம்வரை பகிர்ந்து கொடுக்கும், ஆட்டத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும். மூன்றாவது ஒரு இரும்பு ராட்சதன். தூக்கவே இரண்டு பேர் வேண்டும். விலை டிரெய்லர் விலையில் பாதி.

"முன்னாடி இழுத்த அனுபவம் உண்டா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மார்லிஸ் சொன்னாள்: "உண்டு. ஒரு தடவை கவுத்தும் இருக்கோம். என் தப்பு. அக்காவுக்குன்னு பாகுல போட்டு வெச்ச பீச் பழம் ரெண்டு டஜன் ஜாடி, எல்லாத்தையும் பின்னாடி கட்டிலுக்கு அடியில அடுக்கிட்டேன்."

ராக்ஸான் நெற்றியைச் சுருக்கினாள். "ரெண்டு டஜனா? எழுபது பவுண்டு வருமா? பின்னாடி கனம் கூடாதுதான். ஆனா அத்தன பெரிய டிரெய்லர எழுபது பவுண்டு மட்டும் தூக்கி எறியாதே." என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு என்ன ஹிட்ச் போட்டிருந்தீங்க? இந்த ஒத்தக் கம்பி மாதிரி தடுப்புக் கம்பி இருந்துதா?"

"இருந்தது" என்றேன்.

மார்ச் 20

பொய் சொன்னேன். மறுபடியும்.

மார்ச் 22, வெள்ளி

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

1991 ஆகஸ்ட். போஸ்மனில் இருந்த மார்லிஸின் அக்கா இன்கிரிட் வீட்டில் பழத்தை இறக்கிவிட்டு, அங்கிருந்து ஏரிக்குப் போவதாகத் திட்டம். வழியில் ஜூடித் கேப் என்ற சிற்றூரில் பெட்ரோல் போட நிறுத்தினேன். பம்பை ஒட்டி நிறுத்த கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. இறங்கி, தடுப்புக் கம்பியைக் கழற்றி, பம்புக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் வைத்தேன். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்தேன். கிளம்பிவிட்டேன்.

எட்டு மைல்.

மேற்கிலிருந்து காற்று. எதிரே ஒரு பெரிய லாரி கடந்தது. கண்ணாடியில் டிரெய்லர் ஒருமுறை இந்தப் பக்கம் தெரிந்தது, ஒருமுறை அந்தப் பக்கம். மூன்றாவது முறை நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்திருக்கக் கூடாது.

ஜெனலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மார்லிஸுக்குத் தோள் எலும்பு. இடது கையை இன்றைக்கும் தலைக்கு மேல் தூக்க முடியாது அவளால். சாலை முழுக்கக் கண்ணாடி, வெயிலில் மஞ்சள் மஞ்சளாகப் பழத் துண்டுகள். எங்கிருந்தோ தேனீக்கள் வந்து மொய்த்தன. நெடுஞ்சாலைப் போலீஸ்காரன், சின்ன வயசு, எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "பின்னாடி இவ்வளவு கனத்த யாரு ஏத்துனது?"

மார்லிஸ் ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்" என்றாள்.

அதற்கு முன்பே நான் குனிந்து பார்த்துவிட்டேன். கம்பி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

ஏன் சொல்லவில்லை? அப்போது கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டி என் கையில். எந்தப் பனிப்புயலிலும் வண்டியைப் பள்ளத்தில் விடாதவன் என்று பெயர். அந்தப் போலீஸ்காரனுக்குக்கூட என்னைத் தெரியும். முதலில் எலும்பு கூடட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு குளிர்காலம் வந்துவிட்டது. பிறகு... பிறகு என்ன, முப்பத்துமூன்று வருடம்.

அதற்கப்புறம் அவள் ஒரு ஜாடி பழம்கூடப் பாகில் போட்டு வைத்ததில்லை.

மார்ச் 30, சனி

டிரெய்லரைத் தானியக் கிடங்கின் எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். ஓல்சன்தான் இழுத்து வந்தார். மார்லிஸ் நோட்டில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் குளியலறை எடைக்கருவியை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தட்டுகள், கரண்டிகள், போர்வைகள் - ஒவ்வொன்றையும் நிறுத்து, எழுதி, முன்பக்கமாகப் பார்த்து வைக்கிறாள். பின்கட்டிலுக்கு அடியில் ஒரு தலையணைகூட வைக்க விடவில்லை.

"காலி. அங்க எப்பவும் காலியாத்தான் இருக்கணும்" என்றாள்.

பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எங்கேயும் போகாமல் சுற்றிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம். வாசலில் குந்தி உட்கார்ந்து வாணலியை நிறுத்துக்கொண்டிருந்தாள். "நாலரை பவுண்டு. இந்த இரும்பு வேணுமா, லேசா ஒண்ணு வாங்கிக்கலாமா?"

"மார்லிஸ், அன்னிக்குக் கம்பி மாட்டல."

"எந்தக் கம்பி?"

"தடுப்புக் கம்பி. ஜூடித் கேப்புல ரிவர்ஸ் எடுக்கக் கழட்டினேன். பம்பு பக்கத்துலயே வெச்சுட்டு வந்துட்டேன்."

எடைக்கருவியின் எண் தானாக அணையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸ்காரன் கேட்டானே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என் பக்கத்துலதான நின்னுட்டிருந்த."

எடைக்கருவியிலிருந்து வாணலியை இறக்கி வைத்தாள்.

"இன்கிரிட் சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தா. 'எனக்குப் பழம் எடுத்துட்டு வரப் போய்த்தானே உனக்கு இப்படி ஆச்சு'ன்னு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு என் தோளத் தடவிப் பார்த்தா, லீலண்ட். அதோடயே போயிட்டா. அவகிட்ட யாரு போய்ச் சொல்றது இப்ப?"

இன்கிரிட்டை நான் நினைக்கவே இல்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. என்ன மனுஷன்டா நான்.

கோட்டை எடுத்துக்கொண்டாள். கார் சாவி. பில்லிங்ஸுக்கு, ஜெனல் வீட்டுக்கு.

ஏப்ரல் 4

டிரெய்லர் வாசலில் நிற்கிறது. எடைக்கருவியும் வாணலியும் அதே இடத்தில். எடுத்து உள்ளே வைத்தேன்.

ஏப்ரல் 6, சனி

ஜெனல் போன் செய்தாள். "அம்மா கத்தல, அழல. தினம் ரெண்டு தடவை நடக்கப் போயிட்டு வராங்க. அதுதான் பயமா இருக்கு."

"நான் வரட்டுமா?"

"வராதீங்க." பிறகு, "அப்பா, அம்மா மூட்டை கட்டறப்பல்லாம் நீங்க 'பின்னாடி வைக்காத'ன்னு கேலி பண்ணுவீங்களே. நான் காலேஜ் போனப்பகூட. அது ஜோக்குன்னு நினைச்சு நானும் சிரிச்சிருக்கேன்."

ஆமாம். நான்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டே.

ஏப்ரல் 9

ராக்ஸான் போனில் கேட்டாள், எந்த ஹிட்ச் என்று முடிவு செய்தீர்களா என்று. தெரியவில்லை என்றேன்.

மழை. டிரெய்லருக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 1988 ஜூலையில் மூன்று நாள் விடாமல் மழை. வெளியே கால் வைக்க முடியாது. மூன்று பேரும் சீட்டாடினோம், சூப் குடித்தோம், மறுபடி சீட்டாடினோம். ஜெனல் ஏமாற்றுகிறாள் என்று மார்லிஸுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்; இருவரும் தோற்றுக்கொண்டே இருந்தோம். அந்த மார்லிஸ் எதற்கெடுத்தாலும் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எப்போது குறைந்தது என்று நான் கவனிக்கவில்லை என்று இங்கே எழுத வந்தேன். கவனித்தேன். அதுதான் உண்மை.

ஏப்ரல் 13, சனி

வந்துவிட்டாள். பின்சீட்டில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. "இறக்கு. கனம்" என்றாள். பதினொரு நாளில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

வரும் வழியில் தனியாக ராக்ஸான் கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவது வகையைத்தான் வாங்கியிருக்கிறாள்.

"அந்த ராட்சதன் நமக்கு எதுக்கு. இது போதும். ரிவர்ஸ் எடுக்கக் கழட்ட வேண்டாம்." பெட்டியின் மேல் கையை வைத்தாள். "மறக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல."

பெட்டியை இறக்கி வாசலில் வைத்தேன்.

"நான் உன்ன மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. ஏரிக்குப் போறது எனக்காக. நான்தான் ஓட்டுவேன். நீ பக்கத்துல உக்காரு."

"சரி."

"ஓல்சன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வா, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு. பாஸ்டர்கிட்டயும். என் பேரச் சொல்லித்தானே இந்த ஊரே முப்பது வருஷமா சிரிச்சுது."

போனேன். இரண்டு வீட்டுக்கும். ஓல்சன் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு, "கஷ்டம்தான்" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

மே 11, சனி

கண்காட்சி மைதானத்தில் மார்லிஸ் டிரெய்லரை இழுத்து ஓட்டிப் பழகினாள். பனி வண்டி ஓட்டிய எனக்கே ரிவர்ஸ் தண்ணி காட்டும். அவள் மூன்றாவது தடவையில் கோட்டுக்குள் நிறுத்திவிட்டாள். இறங்கி வந்து, நான் மாட்டிய ஒவ்வொரு பூட்டுப் பின்னையும் தானே இழுத்துப் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஜூன் 14, வெள்ளி

ஜூடித் கேப். காற்று. மார்லிஸ் மணிக்கு ஐம்பத்தைந்து மைலுக்கு மேல் போகவில்லை. எதிரே பெரிய லாரி வருவதைப் பார்த்ததும் என் கால் தானாகத் தரையை மிதித்தது, பிரேக் இல்லாத பக்கத்தில். டிரெய்லர் ஒருமுறை இழுத்தது. கம்பிகள் முனகின. ஆட்டம் நின்றது.

அந்த இடத்தை அவள் வேகம் குறைக்காமல் கடந்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "என் கை நடுங்குதா பாரு" என்றாள். நடுங்கவில்லை. சொன்னேன். "எனக்கு நடுங்குது" என்றும் சொன்னேன்.

ஜூன் 15, சனி. ஹெப்கன் ஏரி.

பக்கத்து இடத்தில் ஐடஹோவிலிருந்து ஒரு இளம் தம்பதி. முதல் டிரெய்லர் போல. சாயங்காலம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் மார்லிஸிடம் கேட்டாள், "ரொம்ப வருஷமா இழுக்கறீங்களா?"

"நடுவுல நின்னு போச்சு. ஒரு தடவை கவுந்துட்டோம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள்.

நான் சொன்னேன். பம்பு, கம்பி, லாரிக்காரனின் ஹார்ன், எல்லாம். போலீஸ்காரன் கேட்டதையும், நான் பக்கத்தில் நின்றதையும். ஒன்றையும் குறைக்கவில்லை. அந்தப் பையன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் டிரெய்லர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"உங்க ஹிட்ச் என்ன வகை?" என்று மார்லிஸ் அவனைக் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. எழுந்தாள். இருவரும் போய்க் குனிந்து பார்த்தார்கள். "லீலண்ட், அந்த அளக்கற டேப்ப எடுத்துட்டு வா" என்று அங்கிருந்து குரல் வந்தது.

ஜூன் 23, ஞாயிறு

வீடு திரும்பினோம். காற்றே இல்லை. மார்லிஸ்தான் ஓட்டினாள். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன் - மீன், ஐடஹோ பையன், கதவுக் கீல், எதை எதையோ. ஹார்லோட்டன் ஊரைத் தாண்டியதும் அவள் சொன்னாள்:

"கடவுளே, முப்பத்துமூணு வருஷம் மூடியிருந்த வாய இப்பவும் கொஞ்ச நேரம் மூடிக்கிட்டு வாயேன்."

வாயை மூடிக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.