பேறுகால மருந்து

தாராவி,
ஆகஸ்ட் 1966

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

உங்கள் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ தெரியவில்லை. நான் சுகமாக இருப்பதாக இங்கே எல்லாரும் சொல்கிறார்கள்.

பிள்ளை பிறந்தால் தெருவுக்குக் கொடுக்கலாம் என்று ரேஷன் சீனி சேர்த்து வைத்தோமே, அதைத் துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பியில் போட்டாயிற்று.

அத்தை என்னைத் திட்டவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஏஞ்சலம்மாளக்கா பேறுகால மருந்து இடிக்கச் சுக்கும் கருப்பட்டியும் கொண்டுவந்தபோது, "மருந்து பெத்தவளுக்குல்லா? இவ எங்க பெத்தா, எல்லாம் வீணாத்தான போச்சு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் பெத்தேன் அத்தான். ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கத்திக் கதறி, முழுப் பிள்ளையாகப் பெத்தேன். அது அழவில்லை, அவ்வளவுதான். அதற்காக நான் பெத்தது இல்லையென்று ஆகிவிடுமா? பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கிடக்கிறது. பெத்தவளைப் பச்சை உடம்பு என்று பச்சைத் தண்ணீர் தொட விடமாட்டார்கள். நான் குடத்தோடு குழாயடியில் நிற்கிறேன், ஒருத்தரும் தடுக்கவில்லை.

பேறுகாலம் ஆன வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே "என்ன பிள்ளை?" என்றுதானே கேட்பார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீங்கள் வந்ததும் முதலில் அதைக் கேளுங்கள். நான் வாயால் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் இதில் எழுதவில்லை.

இப்படிக்கு,
பெத்தவள்